மகிழ்ச்சியும் அதன் எச்சமும்

கூடி உண்பதும், ஓய்வு நாளில் சோலைக்கும் ஆற்றங்கரைக்கும் செல்வதும், திருநாளைச் சுற்றத்தோடு கொண்டாடுவதும் மனித வாழ்க்கையின் நற்பேறுகளுள் சேர்ந்தவை. நம் முன்னோர் ஆடிப்பெருக்கன்று சித்திரான்னங்களைக் கட்டிக்கொண்டு காவிரிக்கரைக்குச் சென்றனர். சித்திரைப் பௌர்ணமியில் நிலவொளியில் அமர்ந்து நிலாச்சோறு உண்டனர். காணும் பொங்கலன்று உறவினரைக் கண்டு அளவளாவினர். இவற்றைப் பழிக்க நாம் வரவில்லை. ஆயினும் ஒவ்வொரு கூட்டமும் கலைந்த பின்னர் ஏதோ ஒன்று அவ்விடத்தில் எஞ்சி நிற்கிறது. அவ்வெச்சம் யாது, அது எத்தனை காலம் நிற்கும், அதனை எடுப்பவர் யாவர் என்னும் மூன்று கேள்விகளையும், மகிழ்ச்சியுற்றவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவரா, அல்லரா? இதுவே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

இது அறநெறிக்குரிய கேள்வியே அன்று, நகரசபைக்குரிய கேள்வி என்று கூறுவோர் உளர். “நாங்கள் வரி செலுத்துகிறோம், குப்பை அள்ளுவது அவர்கள் தொழில்” என்பது அவர் தம் வாதம். ஒருவன் செயலின் விளைவு இன்னோர் உயிரைச் சென்று தாக்குமாயின், அச்செயல் வினை என்னும் எல்லைக்குள் வந்துவிடுகிறது. வரிச்சீட்டு அதனை அவ்வெல்லைக்கு வெளியே தள்ள வல்லதன்று. மேலும், கேடு விளைவது குப்பையை எறியும் அந்த ஒரு கணத்தில் மட்டுமன்று. பத்து நிமிடம் தேநீர் பருகுவதற்கென, பன்னூறு ஆண்டு அழியாத பொருளால் ஒரு குவளையை வகுத்தபோதே கேட்டின் பெரும்பகுதி முடிவாகிவிட்டது. அதனைக் கடையில் நூறு நூறாக வாங்கியபோது அது உறுதியாயிற்று. எறிந்தது கடைசிப் படியே. ஒரு பண்டத்தின் அமைப்பில் ஒரு கருத்து உறைந்து கிடக்கிறது. “எனக்குப் பின் எது நேர்ந்தால் எனக்கென்ன?” என்னும் கருத்து அக்குவளையில் உறைந்துள்ளது. எண்ணமே வினை என்று கற்ற நாம், பண்டங்களுக்குள் புகுந்து ஒளிந்திருக்கும் எண்ணத்தையும் ஆராய்தல் வேண்டுமன்றோ?

மைசூர் காட்டும் காட்சி

இதனை ஆராய்வதற்கு மைசூரினும் தக்க நகரம் அரிது. மத்திய அரசு நடத்திய தூய்மைக் கணிப்புகளில் 2015-ஆம் ஆண்டிலும் 2016-ஆம் ஆண்டிலும் இந்திய நகரங்களுள் முதலிடம் பெற்றது மைசூர். குப்பையைத் தரம் பிரித்து உரமாக்கும் கும்பாரகொப்பலு நிலையத்தைக் காண வெளியூரினர் பலர் வந்து சென்றுள்ளனர். அதே நகரின் தென்பகுதியில், வித்யாரண்யபுரத்தை அடுத்த கழிவுநீர்ப் பண்ணையில், பல்லாண்டுக் குப்பை மலையெனக் குவிந்து, சுற்றிலும் வாழ்வோர் நாற்றத்தையும் புகையையும் சுவாசித்து முறையிட்டு வந்ததும் உண்மையே. முதலிடம் பெற்ற நகரிலும் எச்சம் எங்கோ ஓரிடத்தில் எவரோ சிலருடைய வாயிலில் போய் நிற்கிறது.

மைசூரின் தசரா உலகறிந்தது. விஜயதசமியன்று யானை ஊர்வலத்தைக் காண இலட்சக்கணக்கான மக்கள் வீதியோரத்தில் விடியல் முதல் காத்திருக்கின்றனர். காத்திருக்கும் நேரத்தில் உண்கின்றனர், பருகுகின்றனர். சாமுண்டி மலையிலும், குக்கரஹள்ளி ஏரிக்கரையிலும், கிருஷ்ணராஜசாகரத்துப் பிருந்தாவனத் தோட்டத்திலும், பலமுரி நீர்வீழ்ச்சியருகிலும் ஞாயிறுதோறும் குடும்பங்கள் சென்று பகற்பொழுதைக் கழிக்கின்றன. மறுநாள் வைகறையில் அவ்விடங்களுக்கு முதலில் வருவோர் பௌரகார்மிகர் எனப்படும் துப்புரவுத் தொழிலாளர். அத்தொழிலில் உள்ளோருட் பெரும்பாலோர் எக்குலத்துப் பிறந்தோர் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பலமுரியில் அவர்கள் கைக்கு அகப்படாமல் தப்பியதை ஆறு எடுத்துச் செல்கிறது. சீரங்கப்பட்டணத்தையும் சிவனசமுத்திரத்தையும் ஒகேனக்கலையும் கடந்து மேட்டூரை அடைவது அதே காவிரிதான். மேலூரார் களித்ததன் எச்சம் கீழூரார் பருகும் நீரைச் சேர்கிறது.

விஜயதசமி நமக்கும் உரிய நாள். 1956 அக்டோபர் 14-ஆம் நாள், அசோக விஜயதசமியன்று, பாபாசாகேப் அம்பேத்கர் நாகபுரியில் தம்மத்தைத் தழுவினார். ஆண்டுதோறும் அந்நாளில் தீட்சா பூமியில் இலட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். அங்கும் அன்னம் வழங்கப்படுகிறது, நீர் வழங்கப்படுகிறது. ஆதலின், பிறருடைய விழாவைப் பற்றி மட்டும் பேசி நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. எவருடைய விழாவாயினும் எச்சத்தின் இயல்பு ஒன்றே.

சட்டம் என்ன செய்தது?

கர்நாடக அரசு 2016 மார்ச்சு மாதத்திலேயே பிளாஸ்டிக்குப் பைகள், தட்டுகள், குவளைகள், கரண்டிகள், தோரணங்கள், தெர்மகோல் பொருள்கள் ஆகியவற்றைத் தடை செய்தது. தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் இத்தகைய தடை நடைமுறைக்கு வந்தது. 2022 சூலை 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குத் தட்டு, குவளை, கரண்டி, உறிஞ்சு குழல், பலூன் குச்சி, அலங்காரத் தெர்மகோல் முதலியவை நாடு முழுவதும் தடுக்கப்பட்டன. இப்பட்டியலை நோக்குவோருக்கு ஒன்று புலனாகும். தடுக்கப்பட்ட பண்டங்களுட் பெரும்பாலானவை விருந்துக்கும் விழாவுக்கும் உரியவையே. நம் கொண்டாட்டங்களே சட்டத்தின் முன் வந்து நிற்கின்றன.

சட்டம் நன்று. எனினும் சட்டம் பண்டத்தைத் தடுக்கும், எண்ணத்தை மாற்றாது. ஒன்றைத் தடுத்த மறுநாளே வேறொரு பண்டம் “மக்கும்” என்னும் முத்திரையுடன் கடைக்கு வருகிறது. அதனை வாங்கியவன் தன் கடமை தீர்ந்தது என்று நிம்மதியுறுகிறான். இந்நிம்மதி தக்கதா என்று பார்ப்போம்.

காகிதக் குவளை காகிதம் மட்டுமன்று. நீர் ஊறாதிருக்க அதன் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக்குப் படலம் பூசப்பட்டுள்ளது. 100 மில்லி லிட்டர் சூடான நீரை அதில் 15 நிமிடம் வைத்திருந்தால் ஏறத்தாழ 25,000 நுண்துகள்கள் நீரில் கலக்கின்றன என்று கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 2020-இல் கண்டறிந்தனர். மக்காச்சோளம் முதலியவற்றின் மாவுப்பொருளினின்று செய்யும் பாலிலாக்டிக் அமிலக் குவளை பார்வைக்குப் பிளாஸ்டிக்கைப் போன்றதே. ஏறத்தாழ 60 பாகை வெப்பம் நிலவும் உரத் தொழிற்சாலையில் அது விரைந்து மக்கும். குக்கரஹள்ளி ஏரியிலோ சாமுண்டி மலைப் புதரிலோ கிடந்தால் நெடுங்காலம் அப்படியே கிடக்கும். கரும்புச் சக்கைத் தட்டு நல்ல பண்டம். மைசூருக்கு அண்மையிலுள்ள மாண்டியா கரும்பு நாடு ஆதலின் மூலப்பொருளுக்குக் குறைவில்லை. ஆயினும் எண்ணெயும் குழம்பும் ஊறாதிருக்கும் பொருட்டுச் சிலர் அதிற் சேர்க்கும் புளோரின் கலந்த இரசாயனங்கள் மண்ணிலும் உடலிலும் அழியாது தங்குவன.

இவை அனைத்தினும் நம்மவர் பெரிதும் போற்றுவது பாக்கு மட்டைத் தட்டு. கர்நாடகம் இந்தியாவிலேயே மிகுதியாகப் பாக்கு விளையும் மாநிலம். மரத்தினின்று தானே கழன்று வீழும் மட்டையைக் கழுவி, ஊறவைத்து, சூடான அச்சில் அழுத்தி, ஓரம் நறுக்கினால் தட்டு ஆயிற்று. பசையோ பூச்சோ வேண்டுவதில்லை. மரத்தை வெட்டவும் வேண்டுவதில்லை. இத்தகைய தட்டைப் பற்றியும் 2025 மே மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது: பாக்கு மரத்தில் இயற்கையாகவே உள்ள நச்சுப்பொருள்கள் உணவிற் கலக்கக்கூடும் என்பது அவர்கள் கருத்து. அவ்வெச்சரிக்கையைக் கேட்டு அஞ்சி ஓடுவதும் கூடாது. உழவரின் பிழைப்பு இதில் இருக்கிறது என்று கூறிக் காதை மூடிக்கொள்வதும் கூடாது. நேரிற் சோதித்தறிந்தே எதனையும் ஏற்பது என்னும் காலாமர்க்குரைத்த நெறி ஈண்டும் பொருந்தும். உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கென 1950-இல் தோன்றிய மத்திய நிலையம் மைசூரில் செலுவாம்பா மாளிகையில்தான் இயங்குகிறது. இலைகளினின்று தட்டும் தொன்னையும் செய்யும் பொறிகளை வகுத்ததும் அந்நிலையமே. சோதிக்கும் அறிவு அந்நகரிலேயே உண்டு. அதனை வேண்டிப் பெறுவது மக்கள் கடமை.

இதனால் நாம் கூறுவது யாதெனில், “மக்கும்” என்னும் சொல் ஒரு பண்டத்தின் குணத்தைக் குறிப்பதன்று. எங்கே, எவ்வளவு காலத்தில், எவர் கையில் மக்கும் என்னும் உறவைக் குறிப்பது. பொருள்கள் சார்பினால் தோன்றிச் சார்பினால் அழிவன என்று கற்றவர்க்கு இது புதிதன்று. சார்பை விட்டுத் தனித்த நல்ல பண்டம் என்பது ஒன்றில்லை.

வாழையிலைக் காலம்

இங்ஙனம் கூறக் கேட்டோர், “அப்படியாயின் பழைய வாழையிலைக்கே திரும்புவோம், நம் முன்னோர் மாசற வாழ்ந்தனர்” என்பர். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. வாழையிலையும், பலாச இலைகளை ஈர்க்குக் குச்சியாற் தைத்த தையல் இலையும், தொன்னையும் சில நாளில் மண்ணோடு மண்ணாயின. மாடு தின்றது போக மிச்சம் எருவாயிற்று. மண்ணுக்கு அவை ஒரு தீங்கும் செய்யவில்லை.

ஆனால் அந்த இலையை எடுத்தவர் யார்? இக்கேள்வியை எழுப்பாமல் பழமையைப் புகழ்வோருடன் நாம் உடன்பட இயலாது. விருந்தினர் உண்டெழுந்த எச்சில் இலையை எடுப்பதற்கென்றே சில குலங்கள் ஒதுக்கப்பட்டன. அவ்விலையில் மீந்த சோறே அவர்க்குக் கூலி என்று விதிக்கப்பட்டது. பந்தியில் அமர இடம் பெறாதவர் பந்திக்குப் பின் வரவேண்டும் என்று பணிக்கப்பட்டனர். கர்நாடகத்தின் குக்கே சுப்பிரமணியாவில், உயர்ந்தோர் எனப்பட்டவர் உண்டெழுந்த இலைகளின்மேல் பிறர் உருளும் மடே ஸ்நானம் என்னும் வழக்கம் நம் காலம் வரை நீடித்து, 2014-இல் உச்ச நீதிமன்றம் தடையாணை இடவேண்டிய அளவுக்கு வந்தது. 1927 மார்ச்சில் மகாடு மாநாட்டில் பாபாசாகேப் தம் மக்களை நோக்கி, பிறர் எறியும் மிச்சில் உணவை உண்பதை அடியோடு விடுங்கள் என்று வேண்டியதன் பொருள் இப்பின்னணியில் விளங்கும். அந்த இலை மண்ணுக்குத் தூயது; மனிதனை மாசுபடுத்தியது.

ஆதலின், விழாப் பண்டம் ஒன்றைச் சீர்தூக்குவதற்கு இரண்டு தேர்வுகள் வேண்டும். முதலாவது மண்ணின் தேர்வு: இப்பண்டம் தோன்றும் இடத்திலும் மறையும் இடத்திலும் நிலம், நீர், உயிர் ஆகியவற்றுக்கு யாது செய்கிறது? இரண்டாவது கையின் தேர்வு: இதனை எடுத்துக் கழுவி அகற்றுபவர் எவர், எடுக்கும்போது அவர் நாணவேண்டியுள்ளதா, அவர் உடல் ஊறுபடுகிறதா? பிளாஸ்டிக்குத் தட்டு இரு தேர்விலும் தோற்கிறது. பழைய இலைப்பந்தி முதல் தேர்வில் வென்று இரண்டாவதில் தோற்றது. இரண்டிலும் வெல்லும் முறை ஒன்றை வகுப்பதே இன்று நம் முன்னுள்ள பணி. இன்று சுற்றுச்சூழல் பேசுவோரிற் பலர் முதல் தேர்வோடு நின்றுவிடுகின்றனர். இரண்டாவது தேர்வை மறவாதிருக்கும் தகுதியும் கடமையும் நமக்கு மிகுதியாக உண்டு.

விநயம் காட்டும் வழி

பிக்கு சங்கத்தின் ஒழுக்க விதிகளை இல்லறத்தார் படிப்பது குறைவு. இப்பொருள் பற்றி அவ்விதிகள் கூறுவன வியப்புக்குரியவை. ஐந்து இடங்களிற் பழுது பார்க்கப்படாத பாத்திரத்தை வைத்துக்கொண்டு, ஒரு பிக்கு புதுப் பாத்திரம் கேட்டுப் பெறலாகாது. பண்டம் பழுது பார்க்கத் தக்கதாய் இருக்கவேண்டும், உடையவன் பழுது பார்க்கும் மனமுடையவனாய் இருக்கவேண்டும் என்னும் இரண்டையும் இவ்வொரு விதி சேர்த்துச் சொல்கிறது.

கோசம்பி மன்னன் உதயணனுடைய அரண்மனை மகளிர் ஆனந்த தேரருக்கு ஐந்நூறு ஆடைகளை வழங்கிய வரலாறு சுள்ளவக்கத்தில் உள்ளது. இத்தனை ஆடையை வைத்து என்ன செய்வீர் என்று மன்னன் ஐயுற்றுக் கேட்டான். கிழிந்த ஆடை உடுத்திருக்கும் பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் தேரர். அப்பழைய ஆடைகள்? அவை படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்பு மெத்தை உறையாகும். பழைய உறை தரை விரிப்பாகும். பழைய தரை விரிப்பு கால்மிதியாகும். பழைய கால்மிதி தூசு துடைக்கும் துணியாகும். அத்துணியும் நைந்தபின் மண்ணோடு பிசைந்து தரை மெழுகப் பயன்படும் என்றார். மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடை அளித்தான். ஒரு பொருளின் கடைசிப் பயன் வரை முன்கூட்டியே எண்ணிவைத்த திட்டம் இது. பண்டங்களை வகுக்கும் இன்றைய வல்லுநர் பெருமுயற்சியோடு எய்த விரும்புவது இந்நிலையையே.

மூன்றாவது விதி வெளியிடத்து விருந்துக்கு நேரே பொருந்துவது. சங்கத்துக்குரிய கட்டிலையோ மணையையோ மெத்தையையோ திறந்த வெளியில் இட்ட பிக்கு, அதனை எடுத்து வையாமலும், எடுத்து வைக்கச் செய்யாமலும், எவரிடமும் சொல்லாமலும் அகன்று போவது குற்றம். அப்பொருள் தனக்கே உரியதன்று, எல்லார்க்கும் பொது என்பதனாலேயே கடமை மிகுகிறது, குறைவதில்லை. ஏரிக்கரையும் சோலையும் அத்தகைய பொதுப்பொருள்களே.

உணவு மிச்சத்தைப் பற்றியும் ஒரு சொல் உண்டு. பாத்திரம் கழுவிய நீரைக் குட்டையில் ஊற்றுபவன், “இங்குள்ள சிற்றுயிர்கள் இதனால் உய்க” என்று எண்ணி ஊற்றினால் அதுவும் புண்ணியமே என்று பகவன் வச்சகோத்தனுக்கு உரைத்தருளினார். எஞ்சியதும் பிறவுயிர்க்கு உணவாக வேண்டும் என்பது இதன் கருத்து. நாம் இன்று ஏரியில் விடுவது பாத்திரம் துலக்கிய சோப்பு நீராயின் அப்புண்ணியம் பாவமாக மாறிவிடும் என்பதையும் சேர்த்தே உணர்தல் வேண்டும்.

பத்து ரூபாயும் அறமும்

மைசூரிலிருந்து பந்திப்பூர்க் காட்டின் வழியே உதகைக்குச் செல்வோர் மிகப் பலர். வழியில் வண்டியை நிறுத்தி உண்டு, குடித்து, காட்டுக்குள் எறியப்பட்ட கண்ணாடிப் புட்டிகள் உடைந்து யானைகளின் காலைக் கிழித்தன. சென்னை உயர்நீதிமன்றத்தின் அறிவுறுத்தலின்பேரில், 2022 மே மாதம் முதல் நீலகிரி மாவட்டத்தில் ஓர் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. மதுப்புட்டி ஒன்றுக்குப் பத்து ரூபாய் மிகுதியாகப் பெறுவர். வெறும் புட்டியைத் திருப்பித் தந்தால் அப்பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். புட்டிகளிற் பெரும்பகுதி திரும்பி வந்தது. பின்னர் இம்முறை வேறு மாவட்டங்களுக்கும் பரவியது.

ஐந்தாம் சீலத்தை ஏற்ற நமக்கு மதுப்புட்டியோடு தொடர்பில்லை. ஆயினும் இந்நிகழ்ச்சி எழுப்பும் அறக்கேள்வி நம்முடையதே. பத்து ரூபாய்க்காகப் புட்டியைத் திருப்பித் தந்தவன் அறம் செய்தவனா? எண்ணமே வினையாயின், அவன் எண்ணத்தில் யானை இல்லை. பத்து ரூபாய்தான் இருந்தது. ஆதலின் அவன் புண்ணியம் சிறிதே என்று நாம் கொள்ளலாம். ஆனால் யானையின் கால் பிழைத்தது. துன்பம் குறைவதற்கு எல்லாரும் அறவோராகும் வரை காத்திருக்க வேண்டுமென்றால், அதுவரை துன்புறும் உயிர்களுக்கு நாம் என்ன விடை பகர்வோம்? ஏற்பாடு முதலில் கையைத் திருத்துகிறது; கையின் பழக்கம் நாளடைவில் மனத்தைத் திருத்தக் கூடும். சீலம் என்பதும் முதலில் உடலையும் வாக்கையும் கட்டுப்படுத்தி, பின்னர் மனத்தை அடைவதன்றோ? ஆகவே, நல்ல பண்டத்தை மட்டுமன்றி, அப்பண்டம் திரும்பி வரும் வழியையும் சேர்த்து வகுப்பவனே முழுமையாக வகுத்தவன் ஆவான்.

எதிர்வாதங்கள்

ஏழைக்கு இவ்வறிவுரை பொருந்துமா என்று வினவுவோர் உளர். இது தள்ளத்தக்க வினாவன்று. தள்ளுவண்டியில் சிற்றுண்டி விற்கும் பெண்ணுக்கு, பாக்கு மட்டைத் தட்டுக்கும் மலிவான தட்டுக்கும் உள்ள விலை வேறுபாடே ஒரு நாள் இலாபமாக இருக்கலாம். ஆண்டில் ஒரு முறை பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லும் கூலிக் குடும்பத்தைப் பார்த்து, எறியும் குவளையை வாங்கினாய் என்று சினப்பது அறமாகாது. பொருளை இலட்சக்கணக்கிற் செய்து விற்பவன் பொறுப்பு பெரிது. வாங்குபவன் பொறுப்பு சிறிது. பொதியுறைப் பிளாஸ்டிக்கை உற்பத்தி செய்வோரே மீட்டெடுக்கக் கடமைப்பட்டவர் என்று 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வகுத்த விதிகளும் இக்கருத்தைத் தழுவியவையே. பொறுப்பு அனைவர்க்கும் உண்டு. ஆனால் சமமாக இல்லை. ஏழையின் தலையில் விலையை ஏற்றாத ஏற்பாடே நல்ல ஏற்பாடு. அதற்கு வழி பண்டத்தைத் தனித்தனியே வாங்காமல் பொதுவில் வைத்துக்கொள்வது.

துலக்கும் வேலை பெண்கள் தலையில் விழுமே என்பது இன்னொரு வாதம். இதுவும் மெய்யே. எறியும் தட்டை முதலில் வரவேற்றவர்களுள் வேலைச் சுமையால் களைத்த பெண்கள் பலர் இருந்தனர். அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் இதற்கு மாற்று, சுமையை ஒரு துப்புரவுத் தொழிலாளியின் கைக்கு மாற்றுவதன்று. உண்டவர் அனைவரும், ஆடவர் உட்பட, தம் தட்டைத் தாமே துலக்குவதே மாற்று. பிக்குகள் தம் பாத்திரத்தைத் தாமே கழுவினர். அதில் எவருடைய மதிப்பும் குறைந்ததில்லை.

எஃகுத் தட்டு செய்யச் சுரங்கமும் உலையும் வேண்டுமே என்பது மூன்றாவது வாதம். ஆம், ஓரிரு முறை பயன்படுத்திப் பரணில் போட்டால் எஃகுத் தட்டே பெருங்கேடு. ஆண்டுக்கணக்கில், பல நூறு பந்திகளில், பல கைகள் மாறி உழைத்தால்தான் அதன் தோற்றக் கடன் தீரும். ஆதலின் ஒவ்வொரு வீட்டிலும் நூறு தட்டு வாங்கி அடுக்குவது தீர்வாகாது. ஓர் ஊருக்கு ஒரு தொகுதி போதும். நம் சிற்றூர்களில் அண்டாவும் குண்டாவும் பொதுவில் வைத்து, கலியாண வீட்டார் எடுத்துச் சென்று திருப்பித் தரும் வழக்கம் முன்னரே இருந்தது; வாடகைப் பாத்திரக் கடைகள் இன்றும் உள்ளன. பெங்களூரில் அதம்ய சேதனா என்னும் அறநிறுவனம் எஃகுத் தட்டுகளையும் குவளைகளையும் விழாக்களுக்கு இரவல் தரும் தட்டு வங்கியை நடத்தி வருகிறது. புதிய பண்டம் எதையும் கண்டுபிடிக்காமலே எத்துணைக் குப்பையைத் தவிர்க்கலாம் என்பதற்கு இது சான்று.

இலங்கை கற்ற பாடம்

விழாவும் குப்பையும் ஒன்றையொன்று நேருக்கு நேர் கண்ட ஒரு நாள் நம் அண்டை நாட்டில் வந்தது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் நகரத்தின் குப்பை மலை சரிந்து, அதன் அடிவாரத்தில் வாழ்ந்த ஏழைகளின் வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களும் அன்று புத்தாண்டு கொண்டாடிக்கொண்டிருந்தவர்கள். தலைநகர் பல்லாண்டுகளாகக் களித்து எறிந்தவை அவர்கள் தலைமேல் வந்து வீழ்ந்தன. அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல், சமய விழாக்கள் உள்ளிட்ட எவ்விழாவிலும் பாலித்தீன் தோரணங்களைக் கட்டுவதை இலங்கை அரசு தடை செய்தது. வெசாக் கூடுகள் முன்னாளில் மூங்கிற் சிம்பும் மெல்லிய தாளும் கொண்டே செய்யப்பட்டவை. பகவன் பிறந்து, மெய்யுணர்ந்து, பரிநிர்வாணம் எய்திய நாளைக் கொண்டாடும் ஒளிக்கூடு, மறுவாரம் ஓர் ஏழையின் வீட்டோரத்துக் குப்பையாகுமாயின், அவ்வொளி எதனைக் காட்டிற்று என்று நாம் கேட்க வேண்டியவராவோம்.

நாம் செய்யத்தக்கவை

வைசாகப் பூர்ணிமையும் விஜயதசமியும் ஆண்டுதோறும் வருகின்றன. இவற்றையொட்டி நம் சங்கங்கள் நடத்தும் பொது உணவும், பிள்ளைகளை அழைத்துச் செல்லும் வனபோசனமும் இப்புது ஒழுக்கத்தைப் பயிலத்தக்க இடங்கள். ஒவ்வொரு சங்கமும், உறுப்பினர் தொகைக்கேற்ப எஃகுத் தட்டுகளும் குவளைகளும் ஒரு பெட்டியில் வைத்திருக்கலாம். அவை ஒன்றினுள் ஒன்று அடங்குவனவாகவும், ஓரம் மழுங்கியனவாகவும், ஒரே அளவினவாகவும் இருத்தல் நன்று; எண்ணுவதும் சுமப்பதும் எளிதாகும். பெட்டி சங்க உறுப்பினரல்லாத அண்டை வீட்டாருக்கும், அவர் எக்குலத்தவராயினும், எச்சமயத்தவராயினும், இரவல் தரப்படட்டும். ஒரே தட்டில் நேற்று ஒருவரும் இன்று ஒருவரும் உண்பது, தீண்டாமையின் வேரை நூறு சொற்பொழிவினும் ஆழமாக அறுக்கும்.

ஊர்ப்புறத்துக்குச் செல்கையில் புளியோதரையும் தயிர்ச்சோறும் அடுக்குப் பாத்திரத்திற் செல்லட்டும்; நீர் குடத்திலும் கூசாவிலும் செல்லட்டும். உண்ட தட்டைத் துணியால் துடைத்துக் கட்டி எடுத்து வந்து, வடிகால் உள்ள இடத்தில் துலக்குவோம். ஆற்றிலும் ஏரியிலும் சோப்பைக் கலவோம். மலைமேலும், நீர் அரிதான இடத்திலும், இலையே தக்கது. ஆனால் அவரவர் இலையை அவரவரே மடித்து எடுத்து, கொண்டு வந்த கூடையில் இட்டு, எருக்குழிக்குக் கொண்டு போவோம். எந்த இலையும் பிறர் எடுப்பதற்கென விடப்படலாகாது. அலங்காரத்துக்கு மாவிலையும் தென்னங்குருத்தும் துணிக்கொடியும் போதும்; துணிக்கொடி அடுத்த ஆண்டும் பறக்கும். நம் இளைஞருள் பொறியியலும் வடிவமைப்பும் கற்போர் மிகுந்து வருகின்றனர். அவர்கள் ஒரு பண்டத்தை வகுக்குமுன் மண்ணின் தேர்வையும் கையின் தேர்வையும் தம் வரைபடத்தின் தலைப்பில் எழுதிக்கொள்வாராக.

இவற்றால் உலகத்துக் குப்பை தீர்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. ஒரு சங்கத்தின் நூறு தட்டுகள் ஒரு நகரத்தின் மலையைக் கரைக்க வல்லனவல்ல. ஆயினும் நாம் தம்மத்தைத் தழுவியபோது, பிறர் எச்சிலை எடுக்கும் விதியை மறுத்து எழுந்தோம். பிறர் எச்சிலை நாம் எடுக்கமாட்டோம் என்று கூறிய நாவால், நம் எச்சிலைப் பிறர் எடுக்கட்டும் என்று கூறுவது எங்ஙனம் பொருந்தும்? அம்மறுப்பு முழுமை பெறுவது, நம் எச்சத்தை நாமே எடுக்கும் நாளில்தான். அந்நாளைத் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை. வருகின்ற பூர்ணிமையிலேயே தொடங்குவோமாக.